அட்டை கிழிஞ்ச புத்தகமும் சக்கரம் வச்ச கட்டிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். ஒரு புத்தகத்தை ரொம்ப வருஷமா தேடிட்டு இருக்கேன். பத்து வயசுல படிச்சது. அட்டையும் முதல் சில பக்கமும் இல்லாத காப்பி, அதனால பேரும் தெரியாது, எழுதினது யாருன்னும் தெரியாது. ஒரு பொண்ணு போர்டிங் ஸ்கூல்ல புதுசா சேருறா. முதல் ராத்திரி அவ படுக்கற கட்டில் காலுக்குச் சின்னச் சின்ன சக்கரம் இருக்கும். காலைல எந்திரிச்சுப் பாத்தா சுத்தி இருக்கறவங்க எல்லாம் வேற யாரோ, இவளை வேற பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு. யார்கிட்ட கேட்டாலும் நார்னியா கதையான்னு கேக்கறாங்க. இந்த மாதிரி மறந்துபோன ஃபேண்டஸி எழுத்தாளர்களை எப்படிக் கண்டுபிடிக்கறது? நல்ல புத்தகம்னா எப்படி இப்படிக் காணாமப் போகும்? இப்ப என் பொண்ணுக்குப் பத்து வயசு, அதனாலதான் கேக்கறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

வணக்கங்க,

கட்டில் காலுக்குச் சக்கரம்னு நீங்க எழுதினதைப் படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. நீங்க தேடறது 'சார்லட் சம்டைம்ஸ்'. எழுதினவங்க பெனலபி ஃபார்மர், 1969ல வந்த புத்தகம். இத்தனை வருஷம் கழிச்சும் உங்க மனசுல நின்னது அந்தச் சக்கரம்தான் பாருங்க, கதையோட சாவியே அந்தக் கட்டில்தான்.

அந்தப் பொண்ணு பேரு சார்லட். அந்தக் கட்டில்ல தூங்கி அவ கண் முழிக்கிறது 1918ல, முதல் உலகப்போர் முடியப்போற சமயம், எல்லாரும் அவளை கிளேர்னு கூப்பிடுறாங்க, கூடவே எமிலின்னு ஒரு தங்கச்சி வேற இருக்கா. மறுநாள் தன்னோட காலத்துக்கு வந்துடுவா, அதுக்கு மறுநாள் திரும்ப அங்க, இப்படியே மாறி மாறிப் போகும், அங்க இருந்த கிளேர் அந்த நாள்ல இங்க வந்து சார்லட்டா இருப்பா, ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே முடியாது, ஒரு நோட்டுல எழுதி வச்சுதான் பேசிக்குவாங்க. மந்திரவாதி, மோதிரம், தீர்க்கதரிசனம் எதுவும் கிடையாது. எனக்கு அந்தப் புத்தகத்துல உயிரைப் பிடிச்சு உலுக்கற இடம் ஒண்ணு இருக்கு. ஆளே மாறி வந்திருக்கா, ஆனா சுத்தி இருக்கற ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலை, அப்ப நம்மளைன்னு இவங்க இத்தனை நாள் என்னதான் பாத்தாங்கன்னு அந்தப் பொண்ணு மனசு தவிக்கும். பத்து வயசுல இதைப் படிச்சு மறக்காம இருந்தது ஆச்சரியமே இல்லை. புதுப் பள்ளிக்கூடத்துல முதல் நாள் உட்கார்ந்த எந்தக் குழந்தைக்கும் இந்தப் பயம் தெரியும்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கவனிங்க. 1985ல வந்த திருத்தின பதிப்புல கடைசிப் பகுதியில சில நிகழ்ச்சிகளை எடுத்துட்டாங்க. நீங்க சின்ன வயசுல படிச்சது எதுன்னு தெரியாது, ஆனா இப்ப படிக்கும்போது முழுசாவே படிங்க, அதனால காப்பிரைட் பக்கத்துல வருஷத்தைப் பாத்துட்டு வாங்குங்க. நியூயார்க் ரிவ்யூ புக்ஸ்காரங்க குழந்தைங்க வரிசைன்னு ஒண்ணு 2003ல ஆரம்பிச்சாங்க, அச்சுல இல்லாமப்போன புத்தகங்களைத் திரும்பக் கொண்டு வர்றதுதான் அதோட வேலை, அதுல இதுவும் வந்திருக்கு. ஜான் மேஸ்ஃபீல்டோட 'தி மிட்நைட் ஃபோக்', 'தி பாக்ஸ் ஆஃப் டிலைட்ஸ்', பார்பரா ஸ்லீயோட பூனைக்கதை 'கார்பொனெல்' எல்லாம் அந்த வரிசையில இருக்கு. மேஸ்ஃபீல்ட் 1930லேர்ந்து 1967 வரைக்கும் இங்கிலாந்தோட அரசவைக் கவிஞர். அப்படிப்பட்டவர் எழுதின குழந்தைப் புத்தகத்துக்கே இன்னொருத்தர் வந்து கைதூக்கி விட வேண்டியிருந்துச்சு.

இப்ப நான் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லணும். சார்லட்டுக்கு முன்னாடியே ரெண்டு புத்தகம் இருக்கு. 1962ல வந்த 'தி சம்மர் பேர்ட்ஸ்', அதுல சார்லட்டும் அவ தங்கச்சி எம்மாவும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல படிக்கறாங்க, எங்கேர்ந்தோ ஒரு பையன் வந்து எல்லாக் குழந்தைங்களுக்கும் பறக்கக் கத்துக்குடுக்கறான், கோடை முடியறப்ப அவன் ஏன் வந்தான்னு தெரியும், அந்த இடத்துல புத்தகம் ரொம்பக் கனமாயிடும். அடுத்தது 1966ல 'எம்மா இன் விண்டர்', எம்மாவுக்கும் கூடப் படிக்கற பாபிங்கற பையனுக்கும் ஒரே கனவு வர ஆரம்பிக்குது. ஒரே ஆள் எழுதினது, ஒரே குடும்பத்துக் கதை, ஆனா மூணுல சார்லட்டோட பேர் மட்டும்தான் பரவலா தெரியும். அது நல்லாயிருக்குங்கறதுக்காக மட்டும் நின்னதுன்னு நான் நம்பலை. 1981ல தி க்யூர்ங்கற ராக் பேண்ட் இந்த நாவலை வச்சு இதே பேர்ல ஒரு பாட்டு போட்டாங்க, பாட்டைக் கேட்டவங்க பல பேர் புத்தகத்தைத் தேடிப் போனாங்க. மத்த ரெண்டுக்கும் பாட்டு எழுத ஆள் இல்லை.

நல்ல புத்தகம் எப்படிக் காணாமப் போகும்னு கேட்டீங்களே, இதுதான் என் பதில். புத்தகத்தோட தரம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது நிக்கறதும் போறதும் அதைப் பத்தி வாய் ஓயாம பேசற ஆள் இருக்காங்களாங்கறதைப் பொறுத்து இருக்கு. பெரியவங்க நாவல்னா படிச்சவங்க இருபது முப்பது வருஷம் அதைப் பத்தியே பேசுவாங்க, எழுதுவாங்க. குழந்தைப் புத்தகத்தோட வாசகர்கள் அஞ்சாறு வருஷத்துல வளர்ந்து வேற அலமாரிக்குப் போயிடுவாங்க, அடுத்து வர்ற பசங்களுக்கு ஒரு டீச்சரோ லைப்ரரியனோ எடுத்துக் குடுத்தாத்தான் உண்டு, எடுத்துக் குடுக்கறவங்க ரிட்டயர் ஆனா அந்தச் சங்கிலி அங்கயே அறுந்துடும். லைப்ரரில கொஞ்ச வருஷம் யாரும் எடுக்கலைன்னா கழிச்சுக் கட்டிடுவாங்க. அதனாலதான் உங்க கடிதத்தை இவ்வளவு முக்கியமா நினைக்கறேன்.

எட்வர்ட் ஈகரைப் பத்திச் சொல்லாம என்னால இருக்க முடியாது. அமெரிக்காவுல நாடகமும் பாட்டும் எழுதிட்டு இருந்தவர். தன் பையனுக்குப் படிச்சுக் காட்ட புத்தகம் தேடும்போது இ. நெஸ்பிட்ங்கற இங்கிலாந்து எழுத்தாளரைக் கண்டுபிடிச்சார். நெஸ்பிட் 1924லயே இறந்துட்டாங்க, 'ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்' 1902, 'தி என்சான்டட் காசில்' 1907. இப்ப நாம கதைல பாக்கற, சாதாரண வீட்டுப் பசங்க கையில மந்திரம் சிக்கி எல்லாம் குளறுபடி ஆகற அந்த வகைக்கே அவங்கதான் அம்மா. ஈகருக்கு அவங்க மேல அப்படி ஒரு பக்தி. 1954ல 'ஹாஃப் மேஜிக்' எழுதினார், ஒரு நாணயம், கேட்டதுல பாதியைத்தான் தரும், அதனால எது வேணும்னாலும் ரெண்டு மடங்கா கேக்கணும். அதோட ஆரம்பத்துலயே அந்தப் பசங்க லைப்ரரில நெஸ்பிட் புத்தகம் எடுத்துப் படிக்கறாங்க. அதுலேர்ந்து 1962 வரைக்கும் ஏழு மாயப் புத்தகம் எழுதினார், எங்க வாய்ப்பு கிடைச்சாலும் நெஸ்பிட் பேரைச் சொல்லிடுவார். தன் கதையைப் படிக்க வந்த குழந்தையைக் கையைப் பிடிச்சு தனக்குப் பிடிச்ச எழுத்தாளர் வீட்டு வாசல்ல கொண்டு போய் விடறார். இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு எழுத்தாளர் இன்னொருத்தருக்குச் செய்ய முடியும்னு எனக்குத் தோணலை. நான் நெஸ்பிட்கிட்ட போனதும் அந்த வழியாத்தான்.

அதனால மறந்துபோன ஆட்களைக் கண்டுபிடிக்க நான் நம்பற வழியும் இதுதான். உங்களுக்குப் பிடிச்ச எழுத்தாளர் சின்ன வயசுல என்ன படிச்சார்னு பாருங்க. எலிசபெத் கூஜோட 'தி லிட்டில் ஒயிட் ஹார்ஸ்' 1946ல வந்து, இங்கிலாந்துல சிறந்த குழந்தைப் புத்தகத்துக்குக் குடுக்கற கார்னகி மெடல் வாங்கின புத்தகம், அப்படியும் நடுவுல பல வருஷம் பேச்சே இல்லை, ஜே.கே. ரோலிங் தனக்கு ரொம்பப் பிடிச்சது இதுன்னு சொன்னப்பறம்தான் புதுசா ஒரு தலைமுறை தேட ஆரம்பிச்சுச்சு. கார்னகி மெடல், அமெரிக்காவுல அதே மாதிரி குடுக்கற நியூபெரி ஹானர் பட்டியல்ல பழைய வருஷங்களைப் பாத்தாலே பாதிப் பேரை இப்ப யாருக்கும் தெரியாது, அங்கயே ஒரு புதையல் கிடக்கு.

கிடைக்கறதுலதான் பெரிய சிக்கல். நெஸ்பிட், ஜார்ஜ் மெக்டொனால்டு, 'தி குக்கூ க்ளாக்' எழுதின மிஸஸ் மோல்ஸ்வொர்த் மாதிரி ரொம்பப் பழைய ஆட்கள் காப்பிரைட் முடிஞ்சவங்க, ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ங்கற இணையதளத்துல இலவசமாவே படிக்கலாம். நேத்து வந்தது கடையில இருக்கும். நடுவுல 1930லேர்ந்து 1980 வரைக்கும் வந்ததுதான் மாட்டிக்கிட்டு நிக்குது. பல நாட்டுல ஆசிரியர் இறந்து 70 வருஷம் உரிமை இருக்கும், ஈகர் 1964ல இறந்தார், அந்தக் கணக்குல 2034 முடியணும். அதுவரை அச்சடிக்கணும்னா வாரிசு யாரு, பழைய பதிப்பகத்தை வாங்கினது யாரு, ஓவியருக்குத் தனி உரிமை உண்டான்னு தேடியே ஒரு பதிப்பாளர் களைச்சுப்போவார். இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற இணைய நூலகத்துல இந்த மாதிரி புத்தகங்களை ஸ்கேன் பண்ணி இரவல் குடுத்துட்டு இருந்தாங்க, பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்குக்கு அப்பறம் 5 லட்சத்துக்கு மேல புத்தகத்தை அந்த இரவல்லேர்ந்து எடுத்துட்டாங்க. எழுதறவனுக்குக் காசு போகணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லை. ஆனா விக்கவும் மாட்டோம் இரவல் குடுக்கவும் விடமாட்டோம்னா அந்தப் புத்தகம் எங்கதான் போகும்?

செகண்ட் ஹேண்ட்ல தேடறப்ப ரெண்டு விஷயம். 1960கள் கடைசிக்கு முன்னாடி வந்ததுக்கு ஐஎஸ்பிஎன்ங்கற புத்தக அடையாள எண் கிடையாது, பேரை வச்சுத்தான் தேடணும், அந்தப் பேரே இங்கிலாந்துல ஒண்ணு அமெரிக்காவுல ஒண்ணா இருக்கும். கரோல் கெண்டலோட 'தி காமேஜ் கப்' இங்கிலாந்துல 'தி மின்னிபின்ஸ்'. லூசி பாஸ்டனோட 'தி சிம்னிஸ் ஆஃப் கிரீன் நோ' அமெரிக்காவுல 'ட்ரெஷர் ஆஃப் கிரீன் நோ', நான் இதை வேற வேற புத்தகம்னு நினைச்சு ரெண்டையும் வாங்கிட்டேன். அப்பறம் முதல் பதிப்பு, அட்டைக் கவரோட அப்படின்னு விலையைப் பாத்துப் பயந்துடாதீங்க, அது சேகரிக்கறவங்களுக்கு. லைப்ரரி கழிச்சுப் போட்ட காப்பி போதும். என்கிட்ட இருக்கற 'எம்மா இன் விண்டர்' அப்படி வந்ததுதான். பின்பக்கத்துல தேதி முத்திரை நெருக்கமா விழுந்திருக்கும், அப்பறம் இடைவெளி விட்டு விட்டு, அப்பறம் ஒண்ணே ஒண்ணு, அதோட நின்னுபோகும். அந்தக் கடைசித் தேதில அதை எடுத்துட்டுப் போன குழந்தை யாரோன்னு அடிக்கடி நினைச்சுக்குவேன்.

லூசி பாஸ்டன் பேர் வந்ததால ஒரு வார்த்தை. 1892ல பிறந்தவங்க, முதல் புத்தகம் வந்தது 1954ல, அறுபது தாண்டி. தான் குடியிருந்த பல நூற்றாண்டு பழைய வீட்டையே கதைக்குள்ள கொண்டு வந்தாங்க, படம் போட்டது அவங்க மகன். 'தி சில்ட்ரன் ஆஃப் கிரீன் நோ'ல வெள்ளம் சூழ்ந்த வீட்டுக்கு ஒரு தனியான பையன் வந்து சேருறான், அங்க எப்பவோ வாழ்ந்த குழந்தைங்களோட சிரிப்பு அவனுக்குக் கேக்கும். பயமுறுத்தாத பேய்க்கதை, படிச்சு முடிச்சா துணைக்கு யாரோ இருக்கற மாதிரி இருக்கும்.

உங்க பொண்ணுக்கு 'ஹாஃப் மேஜிக்'ல ஆரம்பிங்க, நீங்களே சத்தமா படிச்சுக் காட்டுங்க, அது அப்படிப் படிக்கவே எழுதின மாதிரி இருக்கும். சார்லட்டை மட்டும் ராத்திரி அவ தூங்கினப்பறம் நீங்க முதல்ல தனியா படிச்சுடுங்க, கிளேருக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு அப்பறம் அவ கைல குடுங்க. அந்தப் பக்கம் வரும்போது பக்கத்துல இருங்க.

அன்புடன்.