பியர் 'அப்', படம் வரவில்லை

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் கேபிள் நடத்துகிறோம். பொள்ளாச்சி நண்பரின் நெட்வொர்க்கோடு ஃபைபர் இணைத்து, இருபுறமும் லேயர் 3 ஸ்விட்சில் எம்எஸ்டிபி (ஒரு நெட்வொர்க்கில் ஓடும் மல்டிகாஸ்ட், அதாவது ஒன்றாய்ப் பலருக்குப் போகும் ஸ்ட்ரீம்களை மற்றதற்குத் தெரிவிக்கும் புரோட்டோகால்) போட்டாயிற்று. பியர் (எதிர் ஸ்விட்சுடனான எம்எஸ்டிபி இணைப்பு) 'அப்' என்கிறது. அவர்களுடைய உள்ளூர் சேனல் எஸ்ஏ கேஷில் (எம்எஸ்டிபி வழியே வந்த அறிவிப்புகளின் பட்டியலில்) தெரிகிறது. எங்கள் சந்தாதாரர் வீடுகளில் மட்டும் படம் இல்லை. எங்கே பார்ப்பது?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: எஸ்ஏ கேஷில் தெரிகிறதென்றால் எம்எஸ்டிபியைத் தொடாதீர்கள், அதன் வேலை முடிந்தது. 'இந்த முகவரியிலிருந்து இந்தக் குரூப்புக்கு (சேனலின் மல்டிகாஸ்ட் முகவரிக்கு) ஒருவர் அனுப்புகிறார்' என்று அவர்கள் ஆர்பி (அனுப்புபவரையும் பார்ப்பவரையும் சேர்த்துவைக்கும் ஸ்விட்ச்) உங்கள் ஆர்பிக்கு டிசிபி 639-இல் சொல்வதோடு சரி. படத்தை இழுத்து வருவது பிம் என்ற மல்டிகாஸ்ட் ரூட்டிங் புரோட்டோகால். சேனலை அனுப்பும் என்கோடரின் முகவரியை நோக்கி உங்கள் ஆர்பி ஜாயின் ('எனக்கும் அனுப்பு' என்ற கோரிக்கை) அனுப்ப வேண்டும். அந்த முகவரிக்குச் சரியான வழி இல்லையென்றால் ஜாயின் போய்ச் சேராது.

பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். பியர் எழும்ப வேண்டுமே என்று எதிர் ஸ்விட்சின் லூப்பேக்குக்கு (அதன் உள் முகவரிக்கு) மட்டும் ஸ்டாட்டிக் ரூட் போட்டிருப்பார்கள். என்கோடர் இருக்கும் சப்நெட், உதாரணமாக 10.20.5.0/24, விட்டுப்போயிருக்கும். சிஸ்கோ வகைக் கட்டளைகள் கொண்ட ஸ்விட்ச் என்றால் 'ஷோ ஐபி ஆர்பிஎஃப்' (அனுப்புபவரை நோக்கிய வழி எந்தப் போர்ட் என்ற சோதனை) போட்டு என்கோடர் முகவரியைக் கொடுங்கள். பொள்ளாச்சி ஃபைபர் போர்ட் வர வேண்டும். இன்டர்நெட் லைன் வந்தால், டிஃபால்ட் ரூட் ஜாயினை அங்கே தள்ளுகிறது. 'ஐபி எம்ரூட்' கட்டளையால் அந்த /24-ஐ ஃபைபர் பக்கம் திருப்புங்கள். இது ஆர்பிஎஃப் சோதனைக்கு மட்டுமே. மற்ற டிராஃபிக் போகும் வழி மாறாது.

அடுத்து, ஃபைபர் போர்ட்டில் இருபுறமும் பிம் ஸ்பார்ஸ் மோட் இருக்கிறதா? பிம் இல்லாத போர்ட் வழியாகவும் எம்எஸ்டிபி பியர் அப் ஆகிவிடும், அது வெறும் யூனிகாஸ்ட்தானே. 'ஷோ ஐபி பிம் நெய்பர்' பட்டியலில் எதிர் ஸ்விட்ச் இருந்தால்தான் நம்பலாம். ஆர்பி யார் என்று தானாக அறிவிக்கும் பிஎஸ்ஆர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதே போர்ட்டில் அந்த அறிவிப்பைத் தடுக்கும் பிஎஸ்ஆர் பார்டரும் கட்டாயம். இல்லையேல் ஒருவர் ஆர்பி மற்றவருக்குள் புகுந்து, இரண்டு டொமைனும் ஒன்றாகிவிடும்.

இவ்வளவும் சரியென்றால் என்கோடரின் டிடிஎல்லை (பாக்கெட் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற எண்ணை) பாருங்கள். 2, 3 என்று வைத்திருந்தால், முதல் ரூட்டர் ஆர்பிக்கு அனுப்பும் ரெஜிஸ்டர் பாக்கெட்டுக்குள் ஏறி ஆர்பி வரை போய்விடும், எஸ்ஏவும் வரும். நேரடி ஸ்ட்ரீம் நடுவழியில் செத்துவிடும். 32 வையுங்கள்.

பிற்பாடு பாலக்காட்டிலிருந்து மூன்றாமவர் சேர்ந்தால், ஒரே பியர் இருந்தவரை தலைகாட்டாத பியர்-ஆர்பிஎஃப் சோதனை (எஸ்ஏ சரியான பியரிடமிருந்து வந்ததா என்பது) எஸ்ஏக்களை நிராகரிக்கத் தொடங்கலாம். மூவரும் ஒருவருக்கொருவர் பியர் ஆகி ஒரே மெஷ் குரூப்பில் இருங்கள், அதற்குள் அந்தச் சோதனை இல்லை.

கேள்வி: ரூட்டர் இல்லை, ஒரே விஎல்ஏன் (ஸ்விட்சுகளுக்குள் பிரித்த ஒரு நெட்வொர்க்). படம் நான்கு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. சேனல் மாற்றித் திரும்பினால் மறுபடி ஓடுகிறது.
- வாசகர், நகரி

பதில்: ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் சேனலை அனுப்பும் ஸ்விட்ச் வசதி) இருக்கிறது, குவெரியர் இல்லை. 'இன்னும் பார்க்கிறாயா' என்று கேட்க ஆளில்லாததால் செட்டாப் பாக்ஸ் பதில் சொல்வதில்லை. 260 விநாடியில் (125 × 2 + 10) ஸ்விட்ச் அந்தப் போர்ட்டை வெட்டிவிடுகிறது. ஏதாவது ஒரு ஸ்விட்சில் விஎல்ஏனுக்கு ஐபி கொடுத்து ஸ்னூப்பிங் குவெரியரை இயக்குங்கள். ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எல்லாச் சேனலும் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். 239.0.0.x, 239.128.0.x குரூப்களையும் தவிருங்கள்: நெட்வொர்க் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கிய 224.0.0.x-இன் மேக் முகவரியே அவற்றுக்கும் வருவதால் பல ஸ்விட்சுகள் அவற்றை ஸ்னூப் செய்யாமல் எல்லாப் பக்கமும் அனுப்பும்.