பெயர் மாறிய அன்னபூரணி

கேள்வி: யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பலில் தச்சுவேலை செய்தவர் என் பூட்டன் என்று அம்மம்மா சொல்வார். அது அமெரிக்கா வரை போனதாம். ஆனால் அமெரிக்கப் பதிவுகளில் அந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை. எங்கே தேடுவது? (வாசகி, கனடா)

பதில்: அம்மம்மா சொன்னது உண்மைதான், போனது. நீங்கள் தேடிய பெயரில்தான் சிக்கல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கியதும் தன் மனைவியின் பெயரைச் சூட்டிவிட்டார், 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று. அந்தப் பெயரில் ஒருமுறை தேடிப் பாருங்கள். 1937இல் வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்பட்டு, தண்டையல் (கப்பல் தலைவர்) தம்பிப்பிள்ளையும் நம் ஊர் மாலுமிகளும் ஓட்டிக்கொண்டு போய், 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்த மாதத்து உள்ளூர்ப் பத்திரிகைகளைக் கட்டாயம் புரட்டுங்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் ஒன்று உண்டு. குளோஸ்டருக்கு வந்த கப்பல்களின் மாலுமிப் பட்டியல்கள், 1918 முதல் 1943 வரை, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் மைக்ரோஃபிலிமாக இருக்கின்றன. இந்த மாதிரிப் படிவங்களில் ஆளின் பெயர் மட்டுமில்லை, வயது, கப்பலில் என்ன வேலை, எந்தத் துறைமுகத்தில் ஏறினார், வாசிக்கத் தெரியுமா, எத்தனை அடி உயரம், உடம்பில் தழும்பு இருக்கிறதா என்பது வரை கேட்டிருப்பார்கள். நம் பெயர்களை அதிகாரி காதில் விழுந்தபடி எழுதியிருக்கலாம், அதனால் எழுத்துக்கூட்டலை நம்பாமல் வயதையும் ஊரையும் வைத்துத் தேடுங்கள்.

உங்கள் பூட்டன் கப்பலில் போகவில்லை, கட்டியவர். அவர் பெயர் அந்தப் படிவத்தில் இருக்காது. தேடுகிறவர்கள் பெரும்பாலும் ராபின்சனிடம் போய் நின்றுவிடுகிறார்கள், மரத்தை இழைத்த கைகளை யாரும் விசாரிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அவர்களைப் பற்றிய விவரம் ஊரில்தான் கிடைக்கும்: மேத்திரிமார் (கப்பல் கட்டும் தலைமைத் தச்சர்கள்) குடும்பங்களில், பழைய கணக்குக் கொப்பிகளில், உங்கள் அம்மம்மா வயதுக்காரர்களின் ஞாபகத்தில். அம்மம்மாவிடம் இந்த வாரமே பேசிப் பதிவு செய்யுங்கள். எந்த மரம், கப்பல் கட்டிய வாடி (வேலைக் கொட்டகை) எங்கே இருந்தது, கூட வேலை செய்தவர்கள் யார் என்று கேளுங்கள்.

வீட்டில் படம் ஏதாவது இருந்தால் பாய்மரங்களை எண்ணுங்கள். அன்னபூரணிக்கு இரண்டு. படத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.