ராயக்கோட்டை வீட்டுக்கு லினக்ஸ் ஒத்துவருமா?

அன்புள்ள ஐயா,

ராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் 2016-இல் வாங்கிய கணினி இருக்கிறது. விண்டோஸ் 10. இனி இதற்குப் பாதுகாப்பு அப்டேட் வராது, விண்டோஸ் 11 இதில் ஏறாது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்று கிருஷ்ணகிரிக் கடைக்காரர் சொல்லிவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறாள். என் மனைவி மகளிர் சுயஉதவிக் குழுவின் தீர்மானங்களையும் மனுக்களையும் அதில்தான் தமிழில் தட்டச்சு செய்கிறார். நான் சில நாட்களில் டாலியில் மண்டிக் கணக்கு பார்ப்பேன். பிரிண்டரும் உண்டு. நம்பி மாறலாமா?

வாசகர், ராயக்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மாறலாம். ஆனால் உங்கள் வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது லினக்ஸை அல்ல, உங்கள் மனைவி இத்தனை ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்திருக்கும் தமிழ்க் கோப்புகளை. அதைப் பற்றிச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்னதில் தவறில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். அந்தத் தலைமுறையே 2017-இல்தான் வந்தது. உங்கள் கணினி விதிக்குள் வரவில்லை, அவ்வளவுதான், கெட்டுப்போகவில்லை. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் கழித்துக்கட்டச் சொல்வது எனக்கு ஒப்பவே இல்லை.

லினக்ஸில் பல வகைகள் உண்டு; உங்களுக்கு லினக்ஸ் மின்ட் போதும். 4 ஜிபி ராம் இருந்தால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். லினக்ஸ் போட்டதும் கணினி பறக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போட்டால்தான் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

இனி தமிழ்க் கோப்புகள். பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்பவர் என்பதால் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அவை இருக்கக்கூடும். அவற்றில் திரையில் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. ‘அம்மா’ என்ற சொல் பாமினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஐந்து குறிகளாகத்தான் பதிவாகியிருக்கும். சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு தீர்மானத்தைத் திறந்து, ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றச் சொல்லுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறை, கவலையில்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் வேலை இருக்கிறது.

அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸுக்குள் நகலெடுத்தால் வேர்ட் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸில் பழைய மனுக்கள் தெரியும், அச்சிடவும் முடியும். ஆனால் அந்த முறையில் தமிழைத் தட்டச்சு செய்வதற்கான விண்டோஸ் மென்பொருள் அங்கே வராது. தமிழ்ச் சொல்லை அப்படியே கொடுத்துத் தேடவும் முடியாது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். ஆகவே லினக்ஸுக்கு மாறினாலும் மாறாவிட்டாலும் இந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும் என்பேன். ஓப்பன் தமிழ் போன்ற இலவசக் கருவிகள் இதைச் செய்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று எண்ணி அவை குழப்பிவிடும். மூலக் கோப்புகளைத் தனியே ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை மூன்றும் கிடைக்கின்றன. எதில் பழகியவரோ அதிலேயே தொடரலாம்.

டாலிக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்கும் வைன் என்ற கருவி மூலம் ஓட்டலாம் என்பார்கள். பிறர் பணத்தின் கணக்கை அதில் பணயம் வைக்காதீர்கள். முடிந்தால் மண்டிக் கணினியிலேயே பாருங்கள். முடியாதென்றால் விண்டோஸையும் ஒரு பகுதியில் விட்டுவைத்து, அதில் இணையம் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். இப்படி இரண்டும் சேர்ந்திருக்கும்போது விண்டோஸ் கடிகாரம் சில நேரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். லினக்ஸ் கணினிக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். மண்டிக்காரர் நீங்கள், அதிகாலை 4 மணிக்குத் திறந்தால் முந்தைய நாள் இரவு 10.30 காட்டும், தேதியே மாறிவிடும். லினக்ஸில் ஒரு வரிக் கட்டளையில் சரியாகும். உங்கள் மகள் தேடி எடுத்துவிடுவார்.

பிரிண்டரை முன்கூட்டியே சோதியுங்கள். 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை எழுதி, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியை இயக்கி, வைஃபை, ஒலி, அச்சு மூன்றையும் பாருங்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் தகராறு செய்வதில்லை. நம் பக்கத்துக் கடைகளில் நிறையக் காணப்படும் கேனான் எல்பிபி 2900 அப்படியல்ல; அதற்கான டிரைவரை அமைப்பது புதியவர்களுக்குக் கடினம்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய நல்ல முயற்சி அது. தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கும் அந்த மடிக்கணினிகள் வந்தன. அந்த லினக்ஸைத் திறந்து வேலை செய்தவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கேரளத்தில் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள்; பள்ளிகளில் லினக்ஸ் நிலைத்துவிட்டது. உங்கள் வீட்டிலும் மகள் நிறுவிக் கொடுத்துவிட்டு விடுதிக்குப் போய்விட்டால், முதல் சிக்கலிலேயே உங்கள் மனைவி தவித்துப்போவார். ராயக்கோட்டையில் லினக்ஸ் தெரிந்த கடை கிடைப்பதும் கடினம். எனவே கல்லூரி விடுமுறையில் தொடங்குங்கள். ஒரு தீர்மானத்தை உங்கள் மனைவியே தட்டச்சு செய்து, சேமித்து, அச்செடுக்கும்வரை மகள் பக்கத்தில் இருக்கட்டும். தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் இருக்கிறது. விழுப்புரம், காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுக்களிலும் கேட்கலாம்.

பிரிண்டரின் மாடல் எண்ணை நீங்கள் எழுதவில்லை. அதை அனுப்புங்கள், லினக்ஸில் ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.