பார்பரா ஜோர்டன்: பேச்சும் கணக்கும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

1974-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் கறுப்பின உறுப்பினர் பார்பரா ஜோர்டன் பேசிய காணொளியை என் மகள் காட்டினாள். இரண்டு நாளாக அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. ஒரு சந்தேகம். அமெரிக்காவின் ஓட்டுரிமைச் சட்டம் 1965-லேயே வந்துவிட்டது. இவர் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்குள் நுழைந்ததோ 1973-இல். அப்படியிருக்க இவரை ஓட்டுரிமைக்காகப் போராடியவர் என்று ஏன் சொல்கிறார்கள்? நன்றாகப் பேசுகிறார் என்பதற்காகக் கொடுத்த பெயரா?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட அந்தப் பேச்சிலேயே பதில் இருக்கிறது. 1787-இல் அரசியல் சட்டம் எழுதப்பட்டபோது ‘மக்களாகிய நாம்’ என்பதில் தான் சேர்க்கப்படவில்லை என்கிறார். திருத்தம், விளக்கம், நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றின் வழியாகக் கடைசியில் தானும் சேர்க்கப்பட்டதாகச் சொல்கிறார். நமக்கு அது அழகான வரி. அவருக்கு அது தன் சொந்தக் கதை.

டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஐந்தாம் வார்டில் பிறந்தவர். பாஸ்டனில் சட்டம் படித்துவிட்டு ஊர் திரும்பி, பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1962-இலும் 1964-இலும் டெக்சஸ் சட்டமன்றத்தின் கீழவைக்குப் போட்டியிட்டு இரண்டு முறையும் தோற்றார். கறுப்பின மக்கள் அவருக்கு அள்ளித்தான் போட்டார்கள். ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டி (நம் மாவட்டம் போல) முழுவதும் சேர்ந்து ஓட்டுப் போடும் முறை அப்போது இருந்தது. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள கவுண்டியில் ஐந்தாம் வார்டின் ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம்தான். போதாததற்கு, ஓட்டுப் போடுவதற்காகவே கட்ட வேண்டிய ஓட்டு வரி வேறு. ஒன்றே முக்கால் டாலர் வரை ஆகும். அதையும் பிரசாரம் சூடு பிடிப்பதற்கு எத்தனையோ மாதம் முன்பே, ஜனவரி 31-க்குள் கட்டியிருக்க வேண்டும். கூலி வேலை செய்யும் எத்தனை குடும்பங்களுக்கு அது நினைவிருக்கும், கையில் காசிருக்கும்?

அப்புறம் ஒவ்வொன்றாக மாறியது. 1964-இல் வந்த 24-ஆவது திருத்தம் மத்தியத் தேர்தல்களில் ஓட்டு வரியை ஒழித்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், மாநில சட்டமன்றத் தொகுதிகளில் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்றது. 1966-இல் மாநிலத் தேர்தல்களின் ஓட்டு வரியும் போனது. தொகுதிகளைத் திருத்தி வரைந்தபோது, அவருக்கு ஏற்கெனவே ஓட்டுப் போட்ட பகுதிகள் பல, டெக்சஸ் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒரே தொகுதிக்குள் வந்தன. அந்த ஆண்டே ஜெயித்தார். 1883-க்குப் பிறகு டெக்சஸ் செனட்டில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். அதே வேட்பாளர், அதே மக்கள். மாறியது தொகுதிக் கோடும் ஓட்டு வரியும்தான்.

செனட்டில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு அந்தப் பேச்சைவிடப் பிடிக்கும். அங்கே மொத்தம் 31 பேர். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லாமல் மசோதாவை விவாதத்துக்கு எடுக்க அப்போது முடியாது. அதாவது 11 பேர் மறுத்தால் போதும். வாக்காளர் பதிவைக் கடினமாக்கும் மசோதா ஒன்று வந்தபோது, ஏழைக் கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர் பெயர்கள்தான் முதலில் விடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மேடைப் பேச்சுக்குப் போகவில்லை. உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பிடித்துப் பேசி, தன்னோடு சேர்த்து 11 பேரைத் தேற்றினார். மசோதா படுத்துவிட்டது.

அவர்மீது குறை சொன்னவர்களும் உண்டு. 1971-இல் தொகுதி மறுவரையறைக் குழுவின் துணைத் தலைவராக இருந்தார். அவர் பின்னர் நின்று வென்ற காங்கிரஸ் தொகுதி அப்போது உருவானதுதான். அவருடைய செனட் தொகுதியோ சிதறியது. காங்கிரஸ் தொகுதிக்காக அந்த செனட் இடத்தை விற்றுவிட்டார் என்று கர்ட்டிஸ் கிரேவ்ஸ் என்ற கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் குற்றம் சாட்டினார். அதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். 1965 சட்டத்தின் பல், முன் அனுமதி என்ற பிரிவு. அதன்கீழ் வரும் மாநிலம் ஒரு வாக்குச்சாவடியை அடுத்த தெருவுக்கு மாற்றினால்கூட வாஷிங்டனில், அதாவது மத்திய அரசிடம், கேட்க வேண்டியிருந்தது. ஆனால் படிக்க எழுதத் தெரிந்தால்தான் ஓட்டு என்ற எழுத்தறிவுத் தேர்வு போன்றவற்றை வைத்திருந்த இடங்களை மட்டும்தான் அது பிடித்தது. டெக்சஸில் அந்தத் தேர்வு இல்லை, ஓட்டு வரிதான். எனவே தப்பித்துவிட்டது. 1975-இல் சட்டத்தை நீட்டிக்கும் நேரம் வந்தபோது ஜோர்டன் இந்த ஓட்டையில் கை வைத்தார். ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர் கையில் ஆங்கிலச் சீட்டைக் கொடுத்து ஓட்டுப் போடச் சொல்வதும் ஒரு தேர்வுதானே? மொழிச் சிறுபான்மையினர் 5 சதவீதத்துக்கு மேல் உள்ள இடத்தில் ஆங்கிலத்தில் மட்டும் தேர்தல் நடத்துவதும் தடையாகவே கணக்கில் எடுக்கப்பட்டது. டெக்சஸ் வலைக்குள் வந்தது. சொந்த மாநில அரசின் எதிர்ப்பை மீறி, காங்கிரசில் தன் முதல் பதவிக்காலம் முடிந்து சில மாதங்களிலேயே அவர் இதைச் சாதித்தார். 1975 ஆகஸ்ட் 6 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார்.

38 ஆண்டுகள் அந்தக் காவல் இருந்தது. 2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம், எந்த மாநிலங்கள் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் சூத்திரத்தையே செல்லாது என்றது. ஓட்டுப் போட அடையாள அட்டை காட்ட வேண்டும் என்ற, அதுவரை தடுத்து வைக்கப்பட்டிருந்த சட்டத்தை இனி அமல்படுத்துவோம் என்று டெக்சஸ் அன்றே அறிவித்தது. ஜோர்டன் 1996-லேயே காலமாகிவிட்டார். அன்றைக்கு அந்தக் குரல் இருந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.