ஏஇஎஸ் 256 மறைகுறியாக்கம் போட்டிருந்தும் எங்கள் விபிஎன்னில் 'அக்ரஸிவ் மோட்' ஆபத்து என்கிறார்களே, ஏன்?

சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் எழுதியபடி திருமலை (திருகோணமலை) டவுனில் அலுவலகம், நிலாவெளியில் விடுதி, நடுவில் ஐபிசெக் (இணையம் வழியே இரு இடங்களையும் மறைகுறியாக்கி இணைக்கும் விபிஎன் முறை). இரு ரவுட்டரும் சாவி பேசும் நெறிமுறையான ஐகேஇயின் முதல் பதிப்பு, அதில் குறைந்த செய்திகளில் முடிக்கும் அக்ரஸிவ் மோட், இரு பக்கமும் முன்பே போட்டுவைக்கும் பொதுக் கடவுச்சொல்லான பிஎஸ்கே 'நிலாவெளி@2019' பாணியில். ஏஇஎஸ் வேலையைத் தொடங்குமுன்பே, சாவி பேசி முடிக்கிற கட்டத்தில் விஷயம் கசிந்துவிடுகிறது.

ஐகேஇயின் இன்னொரு வழியான மெயின் மோடில் 6 செய்திகள். அடையாளமும் அதற்கான ஹாஷும் (பின்னோக்கித் திருப்ப முடியாத கணக்கு விடை) கடைசி இரண்டில், மறைகுறியாக்கப்பட்டுப் போகும். அக்ரஸிவ் மோடில் மூன்றே செய்தி. இரண்டாவதிலேயே அலுவலக ரவுட்டர் தன் ஹாஷைத் திறந்தபடி அனுப்பிவிடும். அந்த ஹாஷில் இருப்பவை இரு பக்க நொன்ஸ் (ஒரு முறை மட்டும் பாவிக்கும் தற்செயல் எண்), டிஃபி-ஹெல்மன் (திறந்த லைனிலேயே இரகசியச் சாவியை உருவாக்கும் முறை) பொது எண்கள், குக்கிகள் (அந்த இணைப்பின் அடையாள எண்கள்), முன்மொழிவு (எந்த முறைகள் என்ற பட்டியல்), அடையாளம், பிஎஸ்கே. தாக்குபவனுக்குக் கடைசியைத் தவிர எல்லாம் தெரியும். லைனை ஒட்டுக்கேட்கக்கூடத் தேவையில்லை. விபிஎன்களைச் சோதிக்கும் ஐகே-ஸ்கேன் கருவியால், ஐகேஇ பேசும் யூடிபி 500 போர்ட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினால் பதில் வரும். பிறகு தன் கணினியிலேயே ஊகித்துப் பார்ப்பான். ஊகங்கள் ரவுட்டருக்கு வருவதேயில்லை, ஆகவே பூட்டி வைக்கவும் வழியில்லை. வைஃபை டபிள்யூபிஏ2இல் ஒவ்வோர் ஊகத்துக்கும் 4096 சுற்றுக் கணக்குப் போட வேண்டும். இங்கே அந்தத் தடையும் இல்லை. ஊர்ப்பெயரோடு வருடம் சேர்த்த சொல் தேநீர் ஆறுமுன் விழும்.

பிஎஸ்கே பிடிபட்டாலும் பழைய பதிவுகள் உடனே திறக்காது. அதற்கு டிஃபி-ஹெல்மனையும் உடைக்க வேண்டும். ஆனால் இனிமேல் உங்கள் கிளை மாதிரி நடித்து உள்ளே வரலாம், நடுவில் உட்காரலாம். டிஃபி-ஹெல்மனுக்குக் குரூப் 2 (1024 பிட் பகா எண்) போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். டிஃபி-ஹெல்மனின் பலவீனங்களைக் காட்டிய 2015 லொக்ஜாம் ஆய்வின் ஒரு முக்கிய எச்சரிக்கை, எல்லோரும் பொதுவாகப் பாவிக்கும் அத்தகைய ஒரே பகா எண்ணைப் பற்றியதுதான்.

அமைத்தவரைத் திட்ட வேண்டாம். மெயின் மோடில் எந்த பிஎஸ்கே என்பதை எதிர்ப்பக்க ஐபி முகவரியை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நிலாவெளியில் 4ஜி ரவுட்டர், ஐபி மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அக்ரஸிவ் மோடைப் போட்டிருப்பார்.

ஐகேஇ 2ஆம் பதிப்புக்கு மாறினால் அந்தச் சிக்கல் தீரும். பழைய டனலை (விபிஎன் இணைப்பை) அழிக்காமல் பக்கத்தில் புதியதை உருவாக்குங்கள். இரு பக்கமும் ஐபிக்குப் பதில் பெயர் அடையாளம்; குரூப் 14 அல்லது 19, தரவுக்கான சாவிகள் உருவாகும் இரண்டாம் கட்டத்தில் பிஎஃப்எஸ்ஸும் (அங்கும் புதிதாக டிஃபி-ஹெல்மன் செய்வது); யூடிபி 500, 4500 இரண்டும் திறந்திருக்க வேண்டும். பிஎஸ்கேயை ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியில் 32 பைட் தற்செயலாக உருவாக்குங்கள். இங்கும் அலுவலகம் போல் நடிப்பவன் நிலாவெளி ரவுட்டர் அனுப்பும் சான்றைப் பிடித்து ஊகிக்கலாம், ஆகவே நீளம் கட்டாயம். பழைய பிஎஸ்கேயைத் திரும்பப் பாவிக்கவே வேண்டாம்.

'நோ புரொபோசல் சோசன்' என்று வந்தால் ஒரு பக்கம் குரூப்போ ஹாஷோ வேறாக இருக்கிறது. 'ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்' என்றால் பெரும்பாலும் அடையாளப் பெயரில் எழுத்துப்பிழை, அல்லது பிஎஸ்கேயை ஒட்டும்போது கடைசியில் ஒட்டிக்கொண்ட இடைவெளி. நிலாவெளிப் பக்கத்தை மாற்றும்போது அங்கே ஒருவர் போனோடு இருக்கட்டும், இல்லாவிட்டால் 15 கிலோமீற்றர் ஓட வேண்டிவரும்.

டனல் ஒரு நாள் நிலையாக ஓடியபின் முதல் பதிப்பை இரு ரவுட்டரிலும் முழுதாக நிறுத்துங்கள். பலர் இதை மறந்துவிட, பழைய பதில் 500இல் போய்க்கொண்டேயிருக்கும். வெளியிலிருந்து ஐகே-ஸ்கேனை அக்ரஸிவ் மோடில் ஓட்டிப் பாருங்கள். ஹேண்ட்ஷேக் (சாவிப் பேச்சுக்கான பதில்) எதுவும் திரும்பக்கூடாது.