வாசகர் கேள்வி: எந்த பிளாட்ஃபார்ம், எந்த ரயில்?

கேள்வி: எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் டெல்லி ரயிலைப் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு வயது 71, இரண்டு முழங்காலிலும் வலி. டிக்கெட்டில் பிளாட்ஃபார்ம் எண்ணே போடவில்லை. முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? சென்ட்ரலில் 2ஏ என்று வேறு ஒரு பிளாட்ஃபார்ம் இருக்கிறதாமே?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பிளாட்ஃபார்ம் எண்ணை டிக்கெட்டில் போடவே மாட்டார்கள் அம்மா. அது அன்றன்றைக்கு முடிவாகிற விஷயம். செல்போன் செயலியில் ஒரு எண் காட்டும், அதை உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி அம்மாவைப் படியேற்றிவிடாதீர்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது, ஒரு பெரிய ஜங்ஷனில், அரை மணி நேரம் முன்பே போய் சொன்ன பிளாட்ஃபார்மில் உட்கார்ந்துவிட்டோம். வண்டி வர ஐந்து நிமிடம் இருக்கும்போது நடைமேடை மாறிவிட்டதாக அறிவிப்பு. ஒரு கையில் முறுக்கு டின், ஒரு கையில் படிக்கட்டுக் கைப்பிடி, பாதிப் படியில் நின்றுகொண்டு, "நீ போ, நான் வீட்டுக்கே திரும்பிடறேன்" என்றார் பெரியம்மா. அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்றிலிருந்து வயதானவர்களோடு போனால் நான் பிளாட்ஃபார்மில் காத்திருப்பதே இல்லை. மேம்பாலம் அல்லது லிஃப்ட் எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்தில்தான் உட்காருவேன், வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று மைக்கில் சொன்ன பிறகுதான் நகர்வேன்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். முதலில் டிக்கெட்டில் இருக்கும் ஸ்டேஷன் குறியீட்டைப் பாருங்கள். எழும்பூருக்கு எம்.எஸ்., சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ்., நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடக்கிற காலத்தில் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள், அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ரயில்வே விசாரணை எண்ணான 139-க்கு ஒரு போன் போட்டு உங்கள் வண்டி எதுவரை போகிறது என்று கேட்டுவிடுங்கள்.

எழும்பூரில் தண்டவாளம் ஊடே போகிறது, ஆகவே ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்குப் போக மேம்பாலம் ஏறித்தான் ஆக வேண்டும். சென்ட்ரல் அப்படியில்லை. அங்கே தண்டவாளம் முடிந்துவிடுகிறது, எல்லா நடைமேடைகளும் முன்பக்கத்துக் கூடத்தில் வந்து சேர்கின்றன. 1-லிருந்து 11 வரை ஒரு படி ஏறாமல் நடந்தே போய்விடலாம். நீங்கள் கேட்ட 2ஏ, 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது, தனிக் கட்டடம் எதுவும் இல்லை. புறநகர் ரயில்கள் மட்டும் பக்கத்திலுள்ள மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும், உங்களுக்கு அங்கே வேலையில்லை. கூடத்தில் மின்பலகை தெரிகிற மாதிரி அம்மாவை உட்கார வையுங்கள்.

எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்குப் புறநகர் ரயிலில் ஒரே ஸ்டேஷன்தான், பார்க் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஆனால் இறங்கின பிறகு சுரங்கப்பாதையில் படி இறங்கி ஏறி சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். மெட்ரோவிலும் ஒரே ஸ்டேஷன், அங்கே லிஃப்ட் இருக்கிறது. முழங்கால் வலிக்கு மெட்ரோ நல்லது, பெட்டி படுக்கை அதிகம் என்றால் யோசிக்காமல் ஆட்டோ. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் ஸ்டேஷன் மேனேஜர் அலுவலகத்தில் கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இன்னொன்று. 22 பெட்டி வண்டி அரை கிலோமீட்டர் நீளம் வரும். பிளாட்ஃபார்மைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, உங்கள் பெட்டி எந்த முனையில் நிற்கும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அம்மா அந்த அரை கிலோமீட்டரையும் நடப்பார். இரண்டு ரயிலுக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

கேள்வி: மகன் புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போய் மதுரை ரயில் மாறுகிறான். போன முறை பாசஞ்சர் வண்டி தாமதமாகி, முன்பதிவு செய்த ரயில் போய்விட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா? விழுப்புரத்தில் குழம்பாமல் இருக்க என்ன செய்வது?
- ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

2019 ஏப்ரலிலிருந்து இரண்டு ரயில் டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்களையும், அதாவது முன்பதிவு எண்களையும், இணைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறிப்போனால், போகாத தூரத்துக்கான பணத்தை ரத்துக் கட்டணம் பிடிக்காமல் திருப்பித் தருவார்கள். இரண்டு டிக்கெட்டிலும் பயணியின் பெயர், விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் ஒரு சிக்கல்: பாசஞ்சருக்கு எடுப்பது முன்பதிவில்லா டிக்கெட், அதற்கு பி.என்.ஆர். எண்ணே கிடையாது, எதை எதோடு இணைப்பது? ஆகவே அவன் செய்யக்கூடியது ஒன்றுதான், ஒரு வண்டி முன்னதாகக் கிளம்புவது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான், வண்டி நேரம் ஒத்துவராவிட்டால் பஸ்ஸில் போய்விடலாம்.

விழுப்புரத்தில் குழப்பம் வருவது நியாயம்தான். ஐந்து திசைக்கு அங்கே பாதை பிரிகிறது: சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, அப்புறம் நம்ம புதுச்சேரி. வண்டியின் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு ஓடக் கூடாது. உழவன் எக்ஸ்பிரஸ் என்றால் சென்னையிலிருந்து தஞ்சாவூர் போவதும் உழவன்தான், தஞ்சாவூரிலிருந்து சென்னை வருவதும் உழவன்தான், இரண்டும் இரவில்தான் விழுப்புரத்தைத் தாண்டுகின்றன. போகிறது 16865, வருகிறது 16866. அறிவிப்பில் "வண்டி எண்" என்று ஆரம்பித்து ஒவ்வொரு இலக்கமாகத்தான் சொல்வார்கள், கடைசி இலக்கம் வரை கேட்கச் சொல்லுங்கள்.

நடைமேடை எண் விளிம்புக்கு உரியது என்பதையும் அவனுக்குச் சொல்லிவிடுங்கள். ஒரே மேடையில் இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் இன்னொரு எண். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு முதுகுப் பக்கம் அவன் வண்டி வந்து நின்று போய்விடும், இவன் முன்பக்கத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். தலைக்கு மேலே தொங்குகிற பலகையில் இரண்டு எண்ணும் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

கேள்வி: கடலூருக்கு எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும்? 00.15 மணி ரயிலுக்கு எந்தத் தேதியில் டிக்கெட் எடுப்பது?
- ஒரு வாசகர், சென்னை

பஸ் ஸ்டாண்டு, மஞ்சக்குப்பம் பக்கம் போக வேண்டுமென்றால் திருப்பாதிரிப்புலியூர். துறைமுகம், முதுநகர் பக்கம் என்றால் கடலூர் துறைமுகம் ஜங்ஷன், ஆனால் உங்கள் வண்டி அங்கே நிற்குமா என்று முதலில் பாருங்கள். நெய்வேலி, விருத்தாசலம் பாதை பிரிவது அந்த ஜங்ஷனில்தான்.

00.15 என்றால் நள்ளிரவு தாண்டிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி ஏறுகிறீர்கள் என்றால் டிக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி இருக்க வேண்டும். சனிக்கிழமைத் தேதி இருந்தால் அந்த வண்டி முந்தின இரவே போயிருக்கும், இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.