புது மெஷின் வாங்கியும் கரன்ட் பில் ஏறுகிறதே?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் சிறிய மசாலாத்தூள் தொழிற்சாலை வைத்திருக்கிறேன். அரவை மெஷினையும், மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரசரையும் மாற்றினேன். பில் குறையவில்லை, கூடியிருக்கிறது. இப்போது ஓர் ஏஜென்ட், "கரிம வரி உங்களையும் பிடிக்கும், மீதி மெஷின்களையும் மாற்றுங்கள், மானியம் நான் வாங்கித் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: பில் தொகையை விடுங்கள். மாதம் எத்தனை யூனிட் ஓடியது, எத்தனை கிலோ தூள் வெளியே போனது என்று பார்த்து வகுத்துப் போடுங்கள். வேகமான மெஷின் வந்ததும் ஆர்டரும் கூடியிருக்கும். கிலோவுக்கு ஆகும் யூனிட் குறைந்திருந்தால் மெஷின் மேல் பழி இல்லை.

குறையவில்லையா? கம்ப்ரசர் பக்கம் போங்கள். வேலை இல்லாத நேரத்தில் அதை மட்டும் ஓடவிடுங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது அடிக்கடி இரைந்தால் எங்கோ கசிகிறது. காற்றில் இருபது, முப்பது சதவீதம் இப்படிப் போவது சாதாரணம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பழைய குழாயில் புது கம்ப்ரசரைப் பொருத்திவிட்டுப் போகிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

வேகம் மாறும் கம்ப்ரசர் வாங்கியிருந்தால் இன்னொன்று. காற்றுத் தேவை ஏறி இறங்கும் இடத்தில்தான் அது மிச்சம் பிடிக்கும். நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால், மின்னணுக் கட்டுப்பாட்டிலேயே கொஞ்சம் கரன்ட் வீணாகி, பழைய ரகத்தைவிடச் சற்று அதிகமாகவே இழுக்கும். உங்கள் ஷிஃப்ட் எப்படி? காலையில் மட்டும் நெருக்கமா, இல்லை ஒரே சீரா? ஒரே சீர் என்றால் அந்தக் கூடுதல் விலை வீண்.

இனி ஏஜென்ட். கரிம வரி என்பது புவியைச் சூடாக்கும் வாயுக்களுக்கான வரி. அவற்றை ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் நேரடியாக வெளியிடும் ஆலைகளுக்குத்தான் அது. உங்களுக்கு அது மின்கட்டணம் வழியாகத்தான் வரும்: 2026இல் டன்னுக்கு 45 வெள்ளி, யூனிட்டுக்கு ஏறக்குறைய 2 காசு. இதை வைத்து மிரட்டுகிறவரிடம் மெஷின் வாங்காதீர்கள்.

மானியத்துக்கு இடைத்தரகர் தேவையே இல்லை. என்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்புக்கு இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆனால் மிளகாய் அரைக்கிறவரிடம் இத்தனை படிவம், இத்தனை கொட்டேஷன் கேட்டால் தரகர் பிழைக்கத்தானே செய்வார்! சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) கடவுச்சொல்லை யாருக்கும் தராதீர்கள். விண்ணப்பிக்கும் முன் முன்பணம் கட்டாதீர்கள், மானியம் போய்விடும். விலையை ஏற்றி எழுதி, மிச்சத்தைக் கையில் தருகிறேன் என்றால் அது மோசடி. நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள்.

கிலோவுக்கு எத்தனை யூனிட் மிச்சமாகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட அவர் தயாரா என்று கேளுங்கள்.